மிச்சத்தின் எடை

எனக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் என் முதுகு. குளிர் நாளில் கணப்பு இலவசம். வெயில் நாளில் அதே சுவரைத் திட்டித் தீர்ப்பேன். அறுந்த சங்கிலியைப் பற்றவைப்பது, உதிர்ந்த கல்லைத் திரும்பப் பதிப்பது, விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தை விரல் போகாமல் வெட்டி எடுப்பது, இவைதான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக அதே முக்காலி. அடுப்பு எப்போது பற்றியது, எப்போது ரொட்டி உள்ளே போனது என்பதையெல்லாம் முதுகை வைத்தே சொல்லிவிடுவேன்.

ரொட்டிக்கடையில் மூன்று பேர். அண்ணன், அவர் மனைவி, அண்ணனின் தம்பி. தம்பியைச் சின்னவர் என்போம். நாற்பது வயதாகியும் சின்னவர்தான். அண்ணன் பொழுது சாயும்போது அடுப்படியில் இறங்கினால் விடிந்த பிறகுதான் ஏறுவார். ஏறியதும் பின்னறையில் படுத்துவிடுவார். அந்த அறை ஜன்னலில் கிழிந்த மாவுச் சாக்கு இரண்டாக மடித்து அடித்திருக்கும். வெளிச்சம் பட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மனிதர் வெயிலைப் பார்த்து இருபது வருஷம் இருக்கும். மாவைப் போலவே வெளுத்த முகம். மாவு எங்கே முடிகிறது, அண்ணன் எங்கே தொடங்குகிறார் என்று சின்னவர் கேலி பேசுவார்.

அண்ணிக்குத் தெருவே வைத்த பெயர் தராசு. கல்லாவில் உட்காருவதும் அவர்தான், உப்பு, ஈஸ்ட், சர்க்கரை நிறுத்து வைப்பதும் அவர்தான். மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அண்ணன் கண்ணாலேயே சொல்வார். சின்னதெல்லாம் அண்ணி கை. ஒவ்வொரு பிசைதலுக்கும் நானூற்றைம்பது கிராம் உப்பு, தனித்தனிக் கிண்ணத்தில், வரிசையாக. நிறுக்கும் மேசைக்கு மேலே கரித்துண்டால் எழுதியிருக்கும்: 'கரண்டி கூடாது.' கல்யாணமான புதிதில், ஒருநாள் அண்ணி கரண்டியால் அள்ளிப் போட்டு ஒரு அடுப்பு ரொட்டி முழுவதும் வீணானதாம். அன்று அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கரியை எடுத்து எழுதினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணி கையில் எடை தவறியதாக ஒருவரும் சொன்னதில்லை. எனக்கும் அவர் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. தங்கத்தை நிறுக்கிறவன் நான், பெயர் வாங்கியது உப்பை நிறுக்கிறவர்.

போன வருஷம் அண்ணனுக்கு எலும்பு வலி வந்தது. முதலில் இடுப்பு, பிறகு தொடை, பிறகு படியேறும்போது முழங்கால். மாவு மூட்டையைத் தூக்க முடியாமல் சின்னவரைக் கூப்பிட்ட அன்று, அண்ணி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி தரைமட்டத்தில் இருந்ததாம். வாரம் ஒரு பொட்டலம், பாலில் கரைத்துக் குடிக்க வேண்டும், எட்டு வாரம். முடிந்ததும் மறுபடி வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எட்டுப் பொட்டலமும் முடிந்தது. வலியும் போனது. அண்ணன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து எனக்குக் காட்டிவிட்டுப் போனார். நல்லா இருக்கிறவனுக்கு ரத்தம் எதற்கு எடுக்க வேண்டும் என்று அதோடு ஆஸ்பத்திரியை மறந்தார்கள். நானும் நினைவுபடுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் இருக்கும் அண்ணியின் தம்பி ஒரு பாக்கெட் அனுப்பினான். அதே வைட்டமின், பொடியாக, கால் கிலோ. தினமும் நூறு மில்லிகிராம் எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. உள்ளேயே அதற்கென்று ஒரு கரண்டி, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் அளவுக்கு. தலை தட்டிய ஒரு கரண்டி ஒரு நாளைக்கு. அண்ணி அந்தக் கரண்டியை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குப்பையில் போட்டார். அந்த வீட்டில் கரண்டியை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர் போட்ட கணக்கை நான் நேரில் பார்த்தேன். சாயங்காலம் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். கடைத் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது. நூறு மில்லிகிராம் அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் மாதத்துக்கு மொத்தமாகக் கலந்துவிடுவது என்று முடிவு செய்தார். முப்பது நாளைக்கு மூன்று கிராம் பொடி. அதை ஒரு டப்பாவில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு கிராம் தூள் சர்க்கரையோடு கலந்தால் முந்நூறு. அதில் தினம் பத்து கிராம். பத்து கிராமைக் கடைத் தராசே நன்றாகக் காட்டும். பெரிய பிசைதலுக்குச் சின்னச் சாமானை முதலில் கொஞ்சம் மாவில் கலந்து பரப்புவார்களே, அதே வழி.

கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று கிராமை ஒரே தடவையில் போட்டால் கூடக் குறைய ஆகுமென்று, மூன்று தாளில் ஒவ்வொரு கிராமாக எடுத்தார். தாளைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஒரு குச்சியின் நுனியால் பொடியை எடுத்து, விரலால் தட்டித் தட்டி, எறும்பு இரை சேர்ப்பதுபோலப் போட்டார். தராசு பூஜ்யத்திலேயே நின்றது. அவர் பொறுமையாகத் தட்டினார். வெகு நேரம் கழித்து ஒன்று என்று காட்டியது. பொடி தாளில் ஒரு குன்றுபோலத் தெரிந்தது.

“பஞ்சு மாதிரி லேசான பொடி. ஒரு கிராமே இவ்வளவு வருது பாருங்க தம்பி,” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் பட்டறைக்கு வந்து வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள் என்றேன். தங்கத்தை நிறுக்கிறவன் அந்தக் குன்றைப் பார்த்துவிட்டுப் பாராட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

முதல் டப்பா முடிந்தபோது அண்ணி சந்தோஷமாக ஒன்று சொன்னார். முப்பது நாளைக்கென்று கலந்தது முப்பத்திரண்டு நாள் வந்ததாம். சர்க்கரை ஈரம் இழுத்து எடை கூடியிருக்கும் என்றார் அண்ணன். உங்க கைராசி அண்ணி என்றேன் நான். தங்கம் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தால், அதில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதுதான் என் தொழில். பக்கத்து வீட்டு விஷயம் என்று வந்தால் புத்தி விடுமுறை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது டப்பா ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணனுக்குப் பசி குறைந்தது. அடுப்படி வெக்கை என்றார்கள். பிறகு தாகம். அடுப்படியில் ஒரு குடம் தண்ணீர் வைத்தால் விடியும்போது காலியாக இருக்கும். எத்தனை தடவை வெளியே போகிறார் என்பதைப் பின்கதவு கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே எண்ணலாம். மலம் மட்டும் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போனது. தெருவில் ஆளாளுக்கு டாக்டரானார்கள். இவ்வளவு தாகம், இவ்வளவு ஒன்றுக்கு, சர்க்கரை வியாதியேதான் என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அதில் என் குரலும் இருந்தது.

மருந்துக்கடையில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. வேறே ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கடைக்காரர் கேட்டாராம். இல்லையே என்று அண்ணி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்தால் மருந்து. தம்பி அனுப்பினால் சத்து. அவர் மனதில் அது ஹார்லிக்ஸ் பக்கத்தில் இருக்கிற சாமான்.

சர்க்கரை இல்லையென்றதும் பலவீனம்தான் என்று முடிவாயிற்று. காலையில் ஒரு டம்ளர் குடித்த பால் மூன்று டம்ளரானது. எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்ன சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தது. அண்ணன் ஒரு கேள்வி கேட்க மாட்டார். அண்ணி எதை நீட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆள் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கினார். சொன்னதையே திரும்பச் சொன்னார். என்னிடம் இரண்டு நாள் தொடர்ந்து ஒரே விஷயத்தைக் கேட்டார்.

ஒருநாள் காலையில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. உப்பே இல்லை. அதற்குள் நாலு வீட்டிலிருந்து ரொட்டி திரும்பி வந்துவிட்டது. சின்னவர் அடுப்படியில் பார்த்தபோது, பிசைகிற தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணி நிறுத்து வைத்த உப்புக் கிண்ணம் அப்படியே இருந்தது. அண்ணன் போட மறந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நடக்காத காரியம். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “போட்டேனே, போட்ட மாதிரிதான் இருக்கு,” என்று அண்ணன் சொன்னார். அதைச் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் அண்ணி என் பட்டறைக்கு வந்தார். கையில் அந்தப் பாக்கெட்.

“தம்பி, உங்க பூதக்கண்ணாடில இதப் படிச்சுச் சொல்லுங்க. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. மூணாவது டப்பா இன்னியோட முடியுது. நாளையிலேர்ந்து ரெண்டு பங்கா போடலாமான்னு பாக்கறேன். ஆள் ரொம்ப தளந்துட்டாரு. பலவீனமா இருக்கறவங்க கூட எடுத்துக்கலாம்னு எங்கயாவது போட்டிருக்கா?”

கண்ணில் மாட்டும் குழாய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பினேன். கூட எடுக்கலாம் என்று எங்கும் போடவில்லை. சொன்ன அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில்: அதிகத் தாகம், குமட்டல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம், இவை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும்.

நான் சத்தமாகப் படிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

“அளவுக்கு மேல எடுத்தாத்தானே அதெல்லாம்? நான்தான் அளந்து குடுக்கறேனே,” என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். உலகத்தில் யார் தவறினாலும் இவர் கை தவறாது. ஆனால் பாக்கெட் என் உள்ளங்கையில் இருந்தது, அது லேசாக இருந்தது. பதினெட்டு வருஷமாக உள்ளங்கையால் எடை பார்க்கிறவனுக்கு அது கால் கிலோ பாக்கெட்டின் கனம் இல்லை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு எடுத்தோம் என்று யாரையும் கேட்க மாட்டோம். மிச்சத்தை நிறுப்போம். வேலைக்குக் கொடுத்த தங்கத்தில் மிச்சம் எவ்வளவு, ராவின தூள் எவ்வளவு என்று பார்த்தால், போனது எவ்வளவு என்று தானாகவே தெரிந்துவிடும். விசிறியை அணைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் என் சின்னத் தராசில் வெற்றுத் தாளை வைத்துப் பூஜ்யமாக்கினேன். பாக்கெட்டில் இருந்த பொடி முழுவதையும் அந்தத் தாளில் கொட்டி, கதவைச் சாத்தினேன்.

“இதுவரைக்கும் எவ்வளவு எடுத்திருக்கீங்க அண்ணி?”

“மூணு டப்பாவுக்கு ஒம்போது கிராம். இருநூத்தி நாப்பத்தொண்ணு இருக்கணும்.”

தராசு நூற்றைம்பத்தெட்டு காட்டியது.

அண்ணி பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். கண்ணாடியில் அவர் மூச்சு படிந்தது. உங்க தராசு பழுது என்றார். நான் தாளை எடுத்துவிட்டு, என்னிடம் இருக்கும் நூறு கிராம் படிக்கல்லை வைத்தேன். நூறு என்று காட்டியது, ஒரு மில்லிகிராம்கூடத் தவறாமல். படிக்கல்லை எடுத்துவிட்டுப் பொடியை மறுபடி வைத்தேன். நூற்றைம்பத்தெட்டு. யாராவது கொட்டிவிட்டார்களா, எலி வந்ததா, ஊரிலிருந்து தம்பி அனுப்பும்போதே குறைவாக இருந்ததா என்று ஒவ்வொன்றாக அவரே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று அவரே தலையாட்டினார். பாக்கெட் வந்த அன்றே கடைத் தராசில் மொத்தமாக நிறுத்துப் பார்த்தவர் அவர்.

“தொண்ணூத்திரண்டு போயிருக்கு,” என்றார் கடைசியில். கணக்கில் அவருக்கு நான் உதவ வேண்டியதில்லை. “ஒம்போதுக்குத் தொண்ணூத்திரண்டு. பத்து மடங்கு. நான் தினமும் பத்து நாள் பங்கை என் கையால குடுத்திருக்கேன் தம்பி.”

அவர் அழவில்லை. முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொடியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டு, வாயைச் சுருட்டி, என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதையும் எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சின்னவர் வண்டி பிடித்து வந்தார். அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு, எங்கே போகிறோம் என்று மூன்று தடவை கேட்டபடி ஏறினார். ஒவ்வொரு தடவையும் அண்ணி பதில் சொன்னார்.

எலும்பு வலிக்கு மருந்து கொடுத்த அதே டாக்டரம்மாதான் இருந்தார். பாக்கெட்டைக் கொடுத்து, மிச்சத்தின் எடையையும் மருந்துக்கடையில் நடந்ததையும் சொன்னேன். அவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் முடிவு வந்துவிட்டது. ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் திணறத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று வாரம் போயிருந்தால் என்று சொல்ல வந்தவர், அண்ணியைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

“மருந்து எதுவும் சாப்பிடலைன்னு மருந்துக்கடையில சொன்னீங்களாமே?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இது மருந்து இல்லைங்களே, சத்துப் பொடிதானே,” என்றார் அண்ணி.

“சத்துன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லணும்மா. சில சத்து கூடிப் போனா ஒண்ணுக்குல வெளிய போயிடும். இது போகாது. கொழுப்புல போய்த் தங்கிக்கும். தங்கி, சாப்பாட்டுலேர்ந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்துல கொட்டும். நீங்க அதுக்கு மேல பாலும் மாத்திரையும் வேற குடுத்திருக்கீங்க. எட்டு வாரம் கழிச்சு வாங்கன்னு நான் சொன்னதே இதுக்குத்தான். ரத்தத்தைப் பார்த்துட்டுத்தான் இன்னும் வேணுமா, எவ்வளவுன்னு சொல்ல முடியும்.”

அந்தக் கரண்டி எங்கே என்றும் கேட்டார். அது அந்தப் பொடிக்கென்றே அளந்து செய்தது, தலை தட்டி எடுத்திருந்தால் போதும், வீட்டில் நிறுக்கிற வேலையே வேண்டாம் என்றார். கரண்டியைக் குப்பையில் போட்டதை அண்ணி ஒளிக்காமல் சொன்னார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு கவனமாக இருக்கிறவர் வீட்டில் எப்படி இது நடந்தது என்று மட்டும் வியந்தார். அந்தக் கேள்வி அண்ணியின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

பதினொரு நாள் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையில் உப்புத்தண்ணீர் பாட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. பால் கிடையாது, சுண்ணாம்பு மாத்திரை கிடையாது, அந்தப் பொடி இருக்கிற திசைக்கே போகக் கூடாது. இன்றே நிறுத்தினாலும் உடம்பில் தங்கியது இறங்க மாதக்கணக்காகும், அதுவரை வெயிலில்கூட அதிகம் நிற்க வேண்டாம் என்றார்கள். வெயிலே படாததால் வந்த வியாதி, கடைசியில் வெயிலில் நிற்காதே என்பதில் வந்து நின்றது.

குடிக்கிற தண்ணீரையும் வெளியே போகிறதையும் அளந்து எழுத வேண்டும் என்று நர்ஸ் ஒரு கோடு போட்ட குவளையைக் கொடுத்தார். அண்ணி அதை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீங்க அளங்க தம்பி. என்கிட்ட குடுக்காதீங்க.”

அதனால் பகலில் நானும் ராத்திரியில் சின்னவரும் அளந்தோம். அண்ணன் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து நாளில் அவருக்குத் தெளிவு வந்துவிட்டது. என்ன நடந்ததென்று சின்னவர் மெல்லச் சொன்னார். அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தார். அண்ணியைக் காட்டி, “அவகிட்ட குடுங்க, அவ குடுக்கட்டும்,” என்றார். அண்ணி வராந்தாவுக்குப் போய்விட்டார். அங்கேதான் முதல் தடவையாக அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணி நிறுக்கும் மேசைப் பக்கம் போகவில்லை. கல்லாவில் மட்டும் உட்கார்ந்தார். உப்பை நிறுக்கும் வேலை சின்னவர் தலையில் விழுந்தது. அவருக்கும் பொறுமைக்கும் தூரம். ஒரு நாள் ரொட்டி கடலில் முக்கியெடுத்த மாதிரி இருக்கும். மறுநாள் சப்பென்று இருக்கும். வழக்கமாக வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். ஒரு பெண்மணி, விஷயம் தெரியாமல், தராசுக்கு என்ன ஆச்சு என்று அண்ணியிடமே கேட்டுவிட்டார். அண்ணி சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

எப்படி நடந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. எலி இல்லை, களவு இல்லை. கை தவறியதா? அந்தக் கையா? நான் நேரில் பார்த்தேனே, குச்சியின் நுனியில் எடுத்து, தட்டித் தட்டி, தராசு பூஜ்யத்தில் நின்றுகொண்டே இருந்ததை. ஒருநாள் மத்தியானம் ரொட்டிக்கடைக்குப் போய், அந்தத் தராசை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வாருங்கள் என்றேன். அண்ணி வர மறுத்தார். உள்ளே படுத்திருந்த அண்ணன், போயிட்டு வா என்று குரல் கொடுத்தார். வந்தார்.

தாளை வைத்துப் பூஜ்யமாக்கினேன். தூள் சர்க்கரையைக் கொடுத்து, அன்றைக்குப் போட்ட மாதிரியே போடச் சொன்னேன். அதே பொறுமை. தட்டினார், தட்டினார். பூஜ்யம். நிறைய நேரம் கழித்து, ஒன்று. அந்தத் தாளைத் தூக்கி என் தராசில் வைத்தேன். தாளின் எடையைக் கழித்துப் பத்து கிராமுக்கு மேலே இருந்தது.

இப்போது அதே சர்க்கரையைக் கடைத் தராசில் மொத்தமாகக் கொட்டச் சொன்னேன். பத்து என்று காட்டியது.

அண்ணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மாதிரித் தராசில் தட்டின் மேல் மாவுத் தூசி படிந்தால் எடை காட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு உண்டு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் துளித்துளியாக ஏதாவது ஏறினால், அது தூசி என்று நினைத்து மறுபடி பூஜ்யமாக்கிக்கொள்ளும். உப்பைக் கை நிறைய அள்ளிக் கொட்டுகிறீர்கள், அதனால் உப்பில் ஒருநாளும் தவறவில்லை.

“அப்போ நான் மெதுவா போட்டதாலதான் தப்பாச்சா?”

“ஆமா அண்ணி.”

“அவசரக் குடுக்கையா கொட்டியிருந்தா சரியா இருந்திருக்கும்?”

“கிட்டத்தட்ட சரியா இருந்திருக்கும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவர் தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணி தாளை மடித்தார், பிரித்தார். “கவனமா இருந்ததுக்குத் தண்டனையா தம்பி இது?” என்று கேட்டார். கை தவறவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். மருந்துக்குக் கடைத் தராசு ஆகாது என்பதும் தெரியும், அதையும் சொன்னேன். அதை இனிமேல் சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் சாயங்காலம், அடுப்பு பற்றுவதற்கு முன்னால், அண்ணி ஒரு தாள் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே உப்பு. அன்றைய முதல் பிசைதலுக்கு. கடைத் தராசில் நிறுத்துவிட்டாராம். என் தராசிலும் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தங்கம் நிறுக்கிற தட்டில் உப்பை வைத்தால் தட்டு அரித்துவிடும் என்று முணுமுணுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே விசிறியை அணைத்தேன். நானூற்றைம்பது கிராமும் சொச்சமும் இருந்தது. சொச்சம் நாலு கல் உப்புக்கூட இருக்காது.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். ஒருநாள்கூட ஐந்து கிராம் தவறவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. நான் சரி என்று சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாயங்காலம் என்றால் வேலையை ஒதுக்கி வைத்து, தட்டைத் துடைத்துத் தயாராக இருக்கப் பழகினேன். ஒரு மணப்பெண்ணின் வளையல் வேலை இதனால் ஒருநாள் தாமதமாகி, அவர்கள் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதற்கு இடையில் டாக்டரம்மா இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். கால்சியம் இறங்கிவிட்டது. சிறுநீரகம் தேறிக்கொண்டது. வைட்டமின் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. இனி வேண்டுமென்றால் நானே சொல்கிறேன், அதுவரை ஒரு துளியும் கூடாது என்றார் டாக்டரம்மா. அண்ணன் பாதி வேலை பார்க்கத் தொடங்கினார். விடிந்ததும் நேராகப் படுக்காமல், வாசற்படியில் கொஞ்சம் உட்காரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டார். பின்னறை ஜன்னலில் இருந்த சாக்கு ஒரு மடிப்புக் குறைந்தது.

ஒருநாள் சாயங்காலம் தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி வரவில்லை. விசிறியைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். முதுகில் சூடு ஏறத் தொடங்கியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். போய்க் கேட்கலாமா என்று எழுந்து, வேண்டாமென்று உட்கார்ந்தேன். அண்ணனுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைப்பு ஓடியது. அன்றைக்குத் தராசை மூடாமலேயே கடையைப் பூட்டினேன்.

காலையில் பட்டறையைத் திறக்கும்போது அண்ணன் வாசலில் நின்றார். வெயில் அவர் தோளில் விழுந்திருந்தது. முகத்தில் மாவு இருந்தது, ஆனால் மாவுக்குக் கீழே கொஞ்சம் நிறமும் இருந்தது. தாளில் சுற்றிய ரொட்டியை என் மேசையில் வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

“நேத்து அவ உங்ககிட்ட வரலைல்ல?” என்றார்.

“வரலை. காத்திருந்தேன்.”

“கேட்டேன், ஏன் போகலைன்னு. உப்பை மொத்தமா கொட்டினேன், சரியா நின்னுச்சு, போட்டுட்டேன்னு சொன்னா. நான் மறுபடி நிறுத்துப் பாக்கல.”

அவர் போகும்வரை ரொட்டியைத் தொடாமல் இருந்தேன். பிறகு நுனியைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். உப்பு சரியாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முழு ரொட்டியையும் தின்றுவிட்டு, தராசின் தட்டைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டியைச் சாத்தினேன்.